ஒரே தேயிலைக்கு ஒரு நாள் 8 மதிப்பெண், மறுநாள் 4 போடுகிறேன். என் நாக்கில்தான் கோளாறா?

நாக்கைத் திட்டுவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். நீங்களும் அடுக்குமாடியில்தான் இருப்பீர்கள். குழாயில் ஒரு நாள் ஆற்றுத் தண்ணீர், ஒரு நாள் போர் தண்ணீர் என்று மாறி மாறி வரும். என் கதை அதுதான்.

எனக்குக் கோவை. போன ஜனவரியில் குன்னூரிலிருந்து 100 கிராம் பனிக்காலத் தேயிலை வாங்கி வந்தேன். டஸ்ட் இல்லை, சுருட்டிய முழு இலை. நீலகிரிக் குளிரில் கொழுந்து மெதுவாக வளரும், அந்த இலைக்கு வாசனையே தனி. விலை சொல்ல மாட்டேன், இதை என் மனைவியும் படிப்பாள்.

2 கிராம் இலை, 100 மில்லி கொதிநீர், 6 நிமிடம். டீ டேஸ்டர்கள் வைக்கும் அளவு இது; ஐ.எஸ்.ஓ. 3103 என்று இதற்குத் தரநிலையே இருக்கிறது. குடிப்பதற்கு இது ரொம்ப ஸ்ட்ராங்தான், ஆனால் இலையின் குறை ஒளிந்துகொள்ள முடியாது. ஊற்றினால் சேற்று நிறம். மேலே எண்ணெய் சிந்தியது போல ஓர் ஏடு. கரண்டி பட்டதும் சில்லு சில்லாக உடைந்து விலகியது. நோட்டில் 3 போட்டு, பக்கத்தில் "ஏமாற்றிவிட்டார்கள்" என்றும் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து மிச்சத்தை வடவள்ளியில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். அதே தராசு, அதே 6 நிமிடம். கோப்பையின் அடி தெரிகிற ஆரஞ்சு நிறம், பூ வாசனை. "பால் ஊத்தாம என்னடா டீ இது?" என்ற அக்கா, பாதியை அவளே குடித்துவிட்டாள்.

போர் தண்ணீரின் சுண்ணாம்புதான் டீயோடு சேர்ந்து ஏடு கட்டுகிறது. இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் ஏடு மறையும், ஆனால் அப்புறம் மதிப்பெண் எலுமிச்சைக்குத்தான் போக வேண்டும். "ஆர்.ஓ. மிஷின் இல்லையா?" என்று ஒருவர் வருவார். இருக்கிறது. கொதிக்கத்தானே போகிறது என்று குழாய்த் தண்ணீரைப் பிடித்தது என் தப்பு. பால் டீக்காரர்களும் சண்டைக்கு வர வேண்டாம். காலையில் நானும் டஸ்ட் டீயைப் பாலில் கொதிக்கவிட்டுத்தான் குடிக்கிறேன்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொட்டியில் போர் தண்ணீரைக் கலப்பதை நோட்டீஸ் போர்டில் எழுதுங்கள் என்று மூன்று கூட்டத்தில் கேட்டேன். "டீ குடிக்கிறதுக்கெல்லாம் நோட்டீஸா சார்?" என்று சிரித்தார்கள். பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றும்போது மட்டும் லிஃப்ட் கதவில்கூட நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா வீட்டிலிருந்து 5 லிட்டர் கேன் வருகிறது. நோட்டில் அந்த 3-ஐ அடித்து 8 போட்டிருக்கிறேன். "ஏமாற்றிவிட்டார்கள்" என்பதை அடிக்கவில்லை, சங்கத்துக்கு இருக்கட்டும்.