மாரிக்கு ஒரு பூசணி சூப்

கேள்வி: மழை நாளில் பூசணிக்காய் சூப் வைத்தேன். தண்ணியாக இருந்தது, தேங்காய்ப்பாலும் திரிந்துவிட்டது. ஏன்?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: பூசணியிலேயே தண்ணீர் அதிகம். பச்சையாக அவித்தால் அது முழுவதும் சூப்பில்தான் சேரும். தோல் நீக்கிய பூசணி 500 கிராம், கரட் ஒன்று, இரண்டையும் துண்டாக்கி, 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில், துண்டுகளின் ஓரம் பழுப்பாகும்வரை வதக்குங்கள். சட்டியை நெருக்கி நிரப்பினால் வதங்காது, வேகும். இரண்டு தடவையாகப் போடுங்கள். பிறகு வெங்காயம், 4 பல் உள்ளி, சிறுதுண்டு இஞ்சி. மல்லி, நற்சீரகம் தலா 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி வறுத்து இடித்துப் போடுங்கள். சீரகம் கறுத்தால் சூப் கசக்கும். வாசம் வந்ததும் இறக்குங்கள். மைசூர்ப் பருப்பு 50 கிராம், தண்ணீர் 700 மில்லிலீற்றர் விட்டு 20 நிமிடம் அவியுங்கள். தடிப்பைத் தருவது இந்தப் பருப்புத்தான்.

ஆறவிட்டு அரைத்து, மெல்லிய நெருப்பில் சூடாக்கி, முதற்பால் 100 மில்லிலீற்றர் விடுங்கள். பால் திரிவது கொதியாலும் புளியாலும். ஓரத்தில் ஆவி எழும்பியதும் இறக்கி, உப்புப் பார்த்து, தேசிப்புளியைக் கோப்பையில் மட்டும் விடுங்கள்.