நாலு மாடு இருக்கிறது, சாண எரிவாயு போடலாமா? சாணி கரைக்கிறவளின் பதில்

கேள்வி: ஊத்தங்கரை பக்கம் கிராமம். வீட்டில் நாலு மாடு. சிலிண்டர் செலவைக் குறைக்க சாண எரிவாயு, புகையில்லா அடுப்பு, பெல்லட் அடுப்பு (மரத்தூள், பயிர்க்கழிவை அமுக்கிச் செய்த சிறு கட்டிகளில் எரிவது), இவற்றில் எது லாபம்?

எனக்கு முன்னால் பதில் எழுதிய அண்ணன்கள் மானியம், மீத்தேன், கார்பன் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். தினமும் சாணியை அள்ளிக் கரைக்கப் போவது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டவரும் லாபக் கணக்கு கேட்டிருக்கிறாரே தவிர வேலைக் கணக்கு கேட்கவில்லை. அதனால் ஆண் என்றே எடுத்துக்கொள்கிறேன். தப்பென்றால் மன்னித்துவிடுங்கள்.

எங்கள் ஊர் காரிமங்கலம் பக்கம். மாமனார் காலத்தில் போட்ட தீனபந்து கலன், இரண்டு கனமீட்டர். மண்ணுக்குள் புதைந்த செங்கல் கும்மட்டம், துருப்பிடிக்க இரும்பு டிரம் கிடையாது. அதே சமயத்தில் எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளிலும் போட்டார்கள். இன்று ஒரு வீட்டில் கலக்கும் தொட்டிக்குள் கோழி அடைகாக்கிறது. இன்னொரு வீட்டில் குழிமேல் தென்னை ஓலை போட்டு மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் எரிகிறது. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மற்றவை நின்றதற்குக் காரணம் கட்டுமானம் இல்லை. வறட்சியில் மாட்டை விற்றார்கள். மருமகள் ஓசூர் கம்பெனி வேலைக்குப் போனாள், கரைக்க ஆள் இல்லை. சில வாரம் போடாமல் விட்டால் உள்ளே மேல்புறம் ஆடை கட்டி இறுகிவிடும். அப்புறம் "கேஸே வரமாட்டேங்குது, ஏமாத்திட்டாங்க" என்று பேச்சு.

வேலை என்னவென்று சொல்கிறேன். இரண்டு கனமீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிலோ பச்சைச் சாணி வேண்டும். கட்டுத்தறியிலேயே நிற்கும் கலப்பின மாடு நாலு இருந்தால் கிடைக்கும். மலைக்கு மேய்ச்சலுக்குப் போகிற நாட்டு மாடு என்றால் பாதிச் சாணி காட்டிலேயே போய்விடும், மாட்டு எண்ணிக்கையை நம்பாதீர்கள். சாணிக்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றி, கேழ்வரகுக் கூழ் பதத்துக்குக் கையால் கரைக்க வேண்டும். சோளத்தட்டைத் துண்டு, வைக்கோல், கல் எல்லாம் விரலுக்குத்தான் தட்டுப்படும், குச்சிக்குத் தெரியாது. எடுக்காமல் விட்டால் தட்டை மிதக்கும், மண் அடியில் தங்கும். கல்யாணத்துக்குக் கிளம்புகிற அன்று அத்தை, "இன்னைக்கு ஒரு நாளாவது விடேம்மா, கை நாறும்" என்பார். "ஒரு நாளுன்னு ஆரம்பிச்சுத்தான் அந்த வீட்டுல கோழி முட்டையிடுது அத்தை" என்பேன்.

தண்ணீருக்கு என்ன செய்வது என்று நம் பக்கத்துக்காரர்கள் கேட்பார்கள், நியாயம்தான். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரை இதற்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது. மாடு கழுவின தண்ணீர், கோமியம் போதும், சோப்பும் பினாயிலும் மட்டும் கலக்கக் கூடாது. கோடையில் வெளியே வரும் கழிவுக் குழம்பில் தெளிந்ததையே கொஞ்சம் திருப்பி ஊற்றிக் கரைக்கிறோம்.

இனி லாபம். ஒரு கனமீட்டர் சாண எரிவாயு சுமார் 0.43 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். கலன் நாளுக்கு இரண்டு கனமீட்டர் முழுசாகக் கொடுத்தால் மாதம் 26 கிலோ அளவுக்கு வரும், சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. இது காகிதக் கணக்கு. எங்களுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கிறது, அதுவே சோறு, குழம்பு, டீக்குப் போதும். மார்கழியில் குறையும். என் அம்மா வீடு தளி பக்கம், அங்கே குளிரில் இன்னும் மோசம். உள்ளே இருக்கிற நுண்ணுயிருக்கு முப்பது டிகிரிக்கு மேல் சூடு இருந்தால்தான் வேலை வேகமாக ஓடும்.

களி மட்டும் இதில் கிண்டவே முடியாது. இதை எந்த நிபுணரும் சொல்லமாட்டார். துடுப்பை இரண்டு கையாலும் அழுத்திச் சுழற்றினால் அடுப்பே நகர்ந்து வரும். களிக்கும் குளிக்கிற வெந்நீருக்கும் மண் அடுப்பு வைத்திருக்கிறேன். பட்டுப்புழு வளர்க்கிறதால் இலை உருவின மல்பெரிக் குச்சி சும்மா கிடைக்கிறது. சிலிண்டரும் ஒன்று இருக்கிறது. "அப்போ மூணும் வெச்சுக்கிட்டு என்ன பெருமை" என்று யாராவது வருவீர்கள். எந்தக் கிராமத்து வீட்டில் ஒரே அடுப்பு இருக்கிறது, காட்டுங்கள்.

புகையில்லா அடுப்பு 1980-களில் அரசாங்கமே ஊர் ஊராகக் கட்டிக்கொடுத்தது. குழாயில் கரி அடைத்ததும் சுத்தம் செய்ய ஆளில்லாமல் இடித்துப் போட்டார்கள். புகைபோக்கியைத் தட்டிச் சுத்தம் செய்வீர்கள் என்றால் இன்றும் நல்ல அடுப்புதான். பெல்லட் அடுப்பு நன்றாகவே எரியும், ஆனால் மூட்டை தீர்ந்தால் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கடலைத்தோலை அமுக்கிச் செய்கிற கட்டையெல்லாம் ஆலை பாய்லருக்குப் போய்விடுகிறது.

கலனுக்காக இன்னும் இரண்டு மாடு வாங்கலாமா என்று கருத்துப் பகுதியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நாங்கள் பால் ஊற்றுகிற இடத்தில் மெஷின் காட்டுகிற கொழுப்பு அளவை வைத்துத்தான் விலை, அது எங்களுக்கு மட்டும் எப்போதும் குறைவாகவே வரும். அதே மாடு, அதே தீவனம், பக்கத்து வீட்டுக்காரர் கேனில் ஊற்றிக் கொடுத்தால் ஏறிவிடும். கேட்டால் "மெஷின் பொய் சொல்லுமாக்கா" என்கிறான் அங்கே பால் அளக்கிற பையன். மெஷின் சொல்லாது, சரி. தவிடு, புண்ணாக்கு விலை ஏறும்போது மட்டும் எந்த மெஷினும் தேவைப்படுவதில்லை. இடம் பெயரைச் சொல்லவில்லை, நாளைக்கும் அங்கேதான் ஊற்ற வேண்டும். பால் காசுக்குக் கட்டுபடியாகாத மாட்டைச் சாணிக்காக வாங்கினால் கடன்தான் மிஞ்சும்.

உங்களுக்கு நாலு மாடும் கட்டுத்தறி மாடு, கரைக்க வீட்டில் ஆள் உண்டு என்றால் தாராளமாகப் போடுங்கள். 2022-இல் வந்த மத்திய அரசின் தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில் வீட்டுக் கலனுக்கு மானியம் அறிவித்தார்கள், இப்போதும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஆனால் கரைக்கப் போகிறவரைக் கேட்டுவிட்டு விண்ணப்பம் போடுங்கள். அது நீங்களாகவே இருந்தால் ரொம்ப நல்லது. முதல் நிரப்புக்கு ஒரு டன்னுக்கு மேல் சாணி வேண்டும், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதலில் வருகிற வாயு தீப்பற்றாது, பயப்படாமல் திறந்து விட்டுவிடுங்கள், பக்கத்தில் நெருப்பு மட்டும் வேண்டாம். கலனைச் சமையலறைக்குக் கிட்டே, கிணற்றிலிருந்து தள்ளி, வெயில் படும் இடத்தில் வையுங்கள். குழாயில் நீர் கோர்த்தால் தீ விட்டுவிட்டு எரியும். தாழ்வான இடத்தில் அந்த நீரை வடிக்க ஒரு வால்வு வைக்காத கொத்தனாருக்கு மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.