வீட்டில் சர்க்கரை பார்ப்பவர்களின் கேள்விகள்: மீட்டர், ஸ்ட்ரிப், ஊசி

கேள்வி: லேபில் 168 என்று வந்த அதே நாளில் வீட்டுக் குளுக்கோமீட்டர் 189 காட்டியது. மீட்டரை மாற்றிவிடலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: மாற்றத் தேவையில்லை. வீட்டு மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்னும் 2013-ஆம் ஆண்டுத் தரநிலையின்படி, சர்க்கரை 100 மி.கி. அல்லது அதற்கு மேல் இருக்கும்போது நூற்றுக்கு 95 முடிவுகளாவது லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே அந்த வித்தியாசம் 15 மி.கி.-க்குள் இருக்க வேண்டும். 168-க்கு 15 சதவீதம் என்பது 25. உங்கள் வித்தியாசம் 21தான். மேலும், சாப்பிட்ட பிறகு விரல் நுனி இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, லேபில் கையின் சிரையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒப்பிட விரும்பினால், வெறும் வயிற்றில் லேபில் இரத்தம் கொடுத்த சில நிமிடங்களுக்குள், உங்கள் மீட்டரை அங்கேயே வைத்து விரலில் பாருங்கள். இரத்தசோகை உள்ளவர்களுக்கு மீட்டர் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்பதால், அவர்கள் இதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

கேள்வி: பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டுச் சர்க்கரை பார்த்தேன், 290 காட்டியது. ஒரு துண்டுகூட நான் சாப்பிடவில்லை. இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொள்ளலாமா? (சேலம் வாசகி)

பதில்: தயவுசெய்து அவ்வாறு செய்ய வேண்டாம். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் உறிஞ்சுவது ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான இரத்தம். அதில் இருக்கும் சர்க்கரை உடலிலிருந்து வந்ததா, விரல் தோலில் காய்ந்திருந்த பழச்சாற்றிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. நான் நடத்தும் பயிற்சிகளில் ஆரஞ்சை உரித்த விரலிலும், அதே ஆளின் கழுவிய இன்னொரு கையின் விரலிலும் அடுத்தடுத்துப் பார்த்துக் காட்டுவேன். முதல் எண்ணைக் கண்டு பதறியவர், இரண்டாவது எண் வந்ததும் தம் விரலையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைப்பதும் இதற்குப் போதாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஈரம் போக நன்றாகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். ஈரம் இருந்தால் இரத்தம் நீர்த்து எண் குறையும். கழுவ வழியில்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியில் பாருங்கள். எதிர்பாராத எண் எதுவாக இருந்தாலும், கையைக் கழுவி மறுபடி பார்க்காமல் இன்சுலின் அளவைத் தொடாதீர்கள். இல்லாத சர்க்கரைக்குப் போடும் இன்சுலின் ஆளை மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

கேள்வி: வெயிலுக்குப் பயந்து ஸ்ட்ரிப் டப்பாவை இன்சுலினோடு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். சரிதானா? (வேலூர் வாசகர்)

பதில்: இன்சுலினுக்கு ஏற்ற இடம் ஸ்ட்ரிப்புக்கு ஏற்றதல்ல. குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்தவுடன் காற்றின் ஈரம் உள்ளே படிந்து, ஸ்ட்ரிப்பில் பூசப்பட்டிருக்கும் நொதியைக் கெடுத்துவிடும். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 டிகிரி வரை வெளியிலேயே வைக்கலாம். சமையலறையும் குளியலறையும் இல்லாத, வெயில் படாத ஓர் அலமாரி போதும். ஒன்றை எடுத்த கையோடு மூடியை அழுத்தி மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இது இன்னும் முக்கியம். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள், ஏனெனில் பல வகை ஸ்ட்ரிப்புகளுக்குத் திறந்த பிறகான ஆயுள், அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைவிடக் குறைவு.

கேள்வி: லண்டனில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய மீட்டர் 7.2 என்று காட்டுகிறது. இது என்ன கணக்கு? (மதுரை வாசகி)

பதில்: பிரிட்டனில் மில்லிமோல் அளவு வழக்கம். 18-ஆல் பெருக்கினால் நம் மி.கி. அளவு வரும், உங்களுடையது ஏறத்தாழ 130.

கேள்வி: நானும் என் மனைவியும் விரலில் குத்த ஒரே பேனாவைப் பயன்படுத்துகிறோம். அதனுள் இருக்கும் சிறு ஊசியான லான்செட்டை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: லான்செட்டை மாற்றினாலும் ஆபத்து நீங்குவதில்லை. பேனாவின் முனைமூடியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இரத்தம் ஒட்டியிருக்கும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிர்ப்புடன் இருக்கும். கணவன் மனைவியானாலும் ஆளுக்கொரு பேனா வேண்டும்.

கேள்வி: தினமும் நான்கு முறை இன்சுலின் போட்டு, மூன்று முறை விரலில் பார்க்கிறேன். சில மாதங்களில், சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் 14 நாள் சென்சாரும் தோலில் ஒட்டிக்கொள்கிறேன். பழைய ஊசிகளைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குப்பையில் சேர்த்துவிடுகிறேன். போதுமா? (சென்னை வாசகி)

பதில்: கேட்டதற்கு நன்றி, பலர் இதைக் கேட்பதே இல்லை. உங்கள் ஒரு வீட்டிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 2,500-க்கும் மேற்பட்ட ஊசிகள் வெளியே போகின்றன. தண்ணீர் பாட்டில் மெல்லியது. மிதிபட்டால் நசுங்கி, ஊசி முனை வெளியே நீட்டிக்கொள்ளும். அதோடு, காலி பாட்டில் என்று யாராவது எடுத்துத் திறக்கவும் கூடும். கண்ணாடி ஜாடியும் உடையும். துணி துவைக்கும் திரவம் வந்த கெட்டியான பிளாஸ்டிக் கேனைக் கழுவிக் காயவைத்து, 'ஊசிகள், திறக்க வேண்டாம்' என்று பெரிதாகத் தமிழில் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இன்சுலின் சிரிஞ்சை மூடாமல், வளைக்காமல் அப்படியே கேனுக்குள் போடலாம். இன்சுலின் பேனாவின் ஊசிக்கு அதன் பெரிய வெளிமூடியை மேசையில் நிறுத்தி, பேனாவை ஒரு கையால் அதற்குள் இறக்கித் திருகிக் கழற்றுங்கள். மூடியை மற்றொரு கையில் பிடித்துக்கொண்டு மூடும்போதுதான் பெரும்பாலும் விரலில் குத்துகிறது. சென்சாரை ஒட்டப் பயன்படும் கருவிக்குள்ளும் ஓர் ஊசி இருப்பதால், அதையும் சாதாரணக் குப்பையில் போடக் கூடாது. கேன் முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்.

அதன் பிறகு எங்கே கொடுப்பது என்பதுதான் நம் ஊர்களில் உண்மையான சிக்கல். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் பயன்படுத்திய ஊசிகளை 'வீட்டு அபாயகரக் கழிவு' என்று வகைப்படுத்தித் தனியே பிரிக்கச் சொன்னதோடு, நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் அமைக்கவும் கூறின. உங்கள் வார்டில் அது எங்கே என்று மாநகராட்சி அலுவலகத்தில் விடாமல் கேளுங்கள். மருத்துவமனைகளில் ஊசிக் கழிவைத் தனியே அனுப்பும் ஏற்பாடு இருக்கும் என்பதால், நீங்கள் சிகிச்சை பெறும் இடத்திலும் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், டேப் ஒட்டிய கேனைத் தூய்மைப் பணியாளரின் கையில் கொடுத்து, உள்ளே ஊசி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுசுழற்சிக்கான உலர் கழிவில் மட்டும் சேர்க்காதீர்கள். அதைப் பிரிப்பது மனிதக் கைகள்.

கேள்வி: அம்மா தூய்மைப் பணியாளர். நேற்றுக் காலை குப்பைப் பையைப் பிரித்தபோது உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார். ஏதும் செய்ய வேண்டுமா? (கோவை வாசகி)

பதில்: இதைப் படித்தவுடன் அம்மாவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று அங்கே முடிவு செய்வார்கள். தேவையென்றால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. ஆகவே அம்மாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முன்பே போட்டிருக்கிறாரா என்பதைச் சொல்லுங்கள். போடவில்லையென்றால் உடனே தொடங்க வேண்டும். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. மஞ்சளை அகற்றி, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவினால் போதும். இன்று எடுக்கும் இரத்தப் பரிசோதனையோடு இது முடிவதில்லை. சில வாரங்கள் கழித்தும் மாதங்கள் கழித்தும் மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். வேலையிடத்தில் நடந்தது என்பதால், மேற்பார்வையாளரிடம் எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.