மெய்நிகர் போர்ட்டுக்குக் கட்டளை வகுப்பது எப்படி?

கேள்வி: மெய்நிகர் சுவிட்சின் போர்ட்டுகளை அமைக்கக் கட்டளைவரிக் கருவி எழுதுகிறோம். போர்ட்டைச் சேர்க்க ஒரு கட்டளை, விலான் (ஒரே வலையமைப்புக்குள் பிரித்துவைக்கும் மெய்நிகர் வலையமைப்பு) எண் கொடுக்க இன்னொன்று என்று பிரிக்கலாமா?

பதில்: தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஓபன் வீசுவிட்ச் என்ற மெய்நிகர் சுவிட்ச் மென்பொருளில் டேக் (போர்ட்டுக்குரிய விலான் எண்) தராமல் சேர்த்த போர்ட், எல்லா விலான்களையும் கடத்தும் ட்ரங்க் ஆகிவிடும். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஸ்கிரிப்ட் நின்றுபோனால், அந்தப் போர்ட்டில் இணைந்த மெய்நிகர் கணினிக்கு அத்தனை விலான்களும் திறந்து கிடக்கும். போர்ட்டைச் சேர்க்கும் வரியிலேயே டேக்கையும் எழுத அங்கே வழி இருக்கிறது. உங்கள் கருவியில் அதைக் கட்டாயமாக்குங்கள். ட்ரங்க் வேண்டுமென்றால் பயனர் அதை வெளிப்படையாகக் கேட்கட்டும்.

ட்ரங்க் கடத்தும் விலான்களின் பட்டியலில் இன்னும் கவனம் தேவை. சிஸ்கோ சுவிட்சில் அனுமதித்த விலான் பட்டியலுக்கு 30-ஐச் சேர்க்க நினைத்து, 'ஆட்' (add) என்ற சொல்லை விட்டுவிட்டால் பழைய பட்டியல் அழிந்து 30 மட்டும் மிஞ்சும், மற்ற விலான்களின் இணைப்பு அறுந்துபோகும். சேர், நீக்கு, மாற்று மூன்றுக்கும் தனித்தனி வினைச்சொல் வையுங்கள். வெறும் எண்ணை ஏற்காதீர்கள்.

விலான் எண் 1 முதல் 4094 வரை, லினக்ஸ் இடைமுகப் பெயர் 15 பைட்டுக்குள்: இவற்றை எதையும் மாற்றுவதற்கு முன்பே சரிபாருங்கள். ஏற்கெனவே உள்ள போர்ட்டை அதே அமைப்போடு மறுபடி சேர்த்தால் பிழை காட்ட வேண்டாம். அமைப்பு வேறாக இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.