மலேசியக் கொக்கோவும் மலேசிய சாக்லேட்டும்: கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: ஐயா, பேரங்காடியில் 'மலேசியத் தயாரிப்பு' என்று அச்சிட்ட சாக்லேட்டை வாங்கினால் அது நம் நாட்டில் விளைந்த கொக்கோதானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்கும் மேல் கொக்கோக் கொட்டையை அரைக்கும் நாடு மலேசியா. பாசிர் கூடாங்கில் இருக்கும் குவான் சோங் நிறுவனம் உலகின் பெரிய அரைவை நிறுவனங்களுள் ஒன்று. ஆனால் அந்த ஆலைகளுக்கு வந்திறங்கும் மூட்டைகள் ஐவரி கோஸ்ட், கானா, இந்தோனேசியா, எக்குவடோர் போன்ற நாடுகளிலிருந்து வருபவை. நம் மண்ணின் விளைச்சல் இன்று ஆண்டுக்கு ஆயிரம் டன்னைத் தொடுவதே அரிது. ஆகவே ஆலை எங்கே என்பதோடு நிறுத்தாமல், கொட்டை எந்த ஊரில் காய்த்தது என்றும் கேளுங்கள்.

கிள்ளான் வாசகர்: எங்கள் தோட்டத்தில் தென்னைக்கு இடையே கொக்கோ இருந்தது. சிறு வயதில் நானே காய் உடைத்திருக்கிறேன். அந்த மரங்கள் எல்லாம் ஏன் அழிந்தன?

பதில்: 1990 வாக்கில் மலேசியா ஏறத்தாழ 2,47,000 டன் விளைவித்தது. வீழ்ச்சிக்குக் காரணம் ஒன்றல்ல. காய்த்துளைப்பான் என்னும் சிறு அந்துப்பூச்சி 1980-ல் சபாவின் தாவாவிலும், 1986-ல் தீபகற்பத்திலும் கண்டறியப்பட்டது. காயின் மேல் இடப்பட்ட முட்டையிலிருந்து வரும் புழு ஓட்டைத் துளைத்து உள்ளே போய்ச் சதையைத் தின்னும். அதன் பிறகு கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய் உடைத்தவர் என்பதால், நல்ல காயைப் பிளந்தால் கொட்டை கொத்தாக வழுக்கி வருவதும், புழு விழுந்த காயில் விரலால் தோண்டினாலும் பெயராமல் இறுகிக் கிடப்பதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். பிஞ்சுக் காய் ஒவ்வொன்றுக்கும் உறை மாட்டினால் பூச்சியைத் தடுக்கலாம். ஆனால் உலகச் சந்தையில் விலை சரிந்து கிடந்த காலத்தில் அந்தக் கூலியை யார் கொடுப்பார்கள்? செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, ஆள் குறைவாகப் போதும், வருமானமும் நிலையாக இருந்தது. எனவே தோட்ட நிருவாகங்கள் கொக்கோவை வெட்டிவிட்டுச் செம்பனைக்கு மாறின.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: அப்படியானால் கோலாலம்பூரில் உண்மையான உள்ளூர் சாக்லேட் கிடைக்கவே கிடைக்காதா?

பதில்: கிடைக்கும் அம்மா, தேடி வாங்க வேண்டும். சாக்லேட் கான்சியர்ஜ் என்னும் கோலாலம்பூர் நிறுவனம் ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி விவசாயிகள் உள்ளிட்ட உள்நாட்டுப் பயிரிடுவோரிடம் கொக்கோ வாங்கிச் சாக்லேட் செய்கிறது. பென்ஸ் எத்திகோவா என்னும் மலேசிய நிறுவனம் பகாங்கின் சுங்கை ருவான் கொக்கோவில் சாக்லேட் கட்டி தயாரித்திருக்கிறது. ஆனால் அதே நிறுவனம் வியட்நாம், பிலிப்பீன்ஸ் கொக்கோவிலும் செய்வதால் உறையில் ஊர்ப் பெயரைப் பார்த்து எடுங்கள். எந்தக் கடையானாலும் கொட்டை எந்த மாவட்டத்தது, யார் புளிக்க வைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தாமே கொட்டை வாங்கி வறுப்பவர் உடனே விடை சொல்லிவிடுவார்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: ஜார்ஜ்டவுனில் சுற்றுப்பயணிகளுக்கு விற்கும் டுரியான் சாக்லேட் எந்த வகை?

பதில்: அவற்றில் சுவையூட்டும் பொருள் உள்ளூர், சாக்லேட் பெரும்பாலும் ஆலையில் செய்த கட்டியை வாங்கி உருக்கி ஊற்றியது. அதை நான் குறைத்துப் பேசவில்லை, அன்பளிப்புக்கு நல்லதுதான். ஆனால் பொருள் பட்டியலில் 'லெமாக் சாயூரான்', அதாவது தாவரக் கொழுப்பு, முன்வரிசையில் இருந்தால் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் செம்பனைக் கொழுப்பு சேர்ந்திருக்கும். அது வெயிலைத் தாங்கும், அதனால் விற்பவருக்கு வசதி. ஆனால் வாயில் மெழுகுபோல் தங்கிவிடும்.

பட்டர்வொர்த் வாசகி: நான் வாங்கிய பகாங் கறுப்புச் சாக்லேட் புளிக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. கொட்டையைச் சுற்றியுள்ள வெண்சதையின் சர்க்கரை, ஐந்து முதல் ஏழு நாள் புளிக்கும்போது முதலில் சாராயமாகவும் பிறகு காடியாகவும் மாறுகிறது. சதை மிகுந்திருந்தால் அமிலமும் மிகும். 1980-களில் மலேசியக் கொட்டை புளிப்பானது என்று பெயர் வாங்கி, கானாக் கொட்டையைவிட விலை குறைத்தே வாங்கப்பட்டது. காயைப் பறித்துச் சில நாள் வைத்திருந்து உடைத்தால் சதை சுண்டி அமிலம் குறையும் என்று பிறகு ஆய்வுகள் காட்டின. இன்றைய சிறு தயாரிப்பாளர்கள் அந்தப் புளிப்பை முழுக்கப் போக்காமல் பழச்சுவையாக நிறுத்தப் பார்க்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும்; ஆனால் உறையைப் பிரித்ததும் காடி மணம் மூக்கில் ஏறினால் அது தயாரிப்புக் குறைதான்.

ரவாங் வாசகர்: மாவரைக்கும் கிரைண்டரில் வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: தாராளமாக. உலகெங்கும் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் பலர் பயன்படுத்தும் கல் அரைவை இயந்திரமே கோயம்புத்தூர் வெட் கிரைண்டரின் வழிவந்ததுதான். கொட்டையை வறுத்துத் தோலை ஊதி நீக்கி, இளஞ்சூட்டில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். மணல்போல் நறநறப்பது போக இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓட வேண்டியிருக்கும். இட்லி மாவு கிரைண்டரின் மோட்டார் அத்தனை நேரத்துக்குச் செய்யப்பட்டதல்ல, ஆகவே சாக்லேட்டுக்கென்றே வலுவூட்டிய வகையை வாங்குங்கள். கல்லில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் கலவை கட்டிதட்டிப் போகும்.

செராஸ் வாசகி: குளிர்பெட்டியில் வைக்கலாமா?

பதில்: காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். இல்லாவிட்டால் நீர் படிந்து சர்க்கரை வெண்மையாகப் பூத்துவிடும்.

பூச்சோங் வாசகர்: பிள்ளைகளுக்குக் கொக்கோ வேலைகளைக் காட்ட வேண்டும். சபா வரை போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். மலேசிய கொக்கோ வாரியத்தின் தலைமையகம் கோத்தா கினபாலுவில் இருந்தாலும், அதன் புத்தாக்க, தொழில்நுட்ப மையம் நெகிரி செம்பிலானின் நீலாயில் உள்ளது. பூச்சோங்கிலிருந்து காரில் போய் வந்துவிடலாம். வாரியம் சாக்லேட் செய்முறைப் பயிற்சியும் நடத்துகிறது. பார்வையாளரை எந்த நாளில் அனுமதிப்பார்கள் என்று முன்கூட்டியே அழைத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.