பகுதிநேர கமாண்டோ ஆக முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 28. பி.இ. மெக்கானிக்கல் முடித்து, கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஊர் திருமங்கலம் பக்கம். அக்னிவீர் வயது தாண்டிவிட்டது. வேலையை விடாமலே டெரிடோரியல் ஆர்மியில் சேரலாம், அதில் பாராசூட்டில் குதிக்கும் பாரா பட்டாலியனும் இருக்கிறது, அமெரிக்கா மாதிரி இங்கேயும் பகுதிநேர கமாண்டோ படையைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? எப்படித் தயாராவது? "உள்ளே ஆள் இருக்கு, நாலு லட்சம் போதும்" என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நாலு லட்சத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். ஓட்டத்தை நேரம் பார்ப்பவர் ஒருவர், உயரம் அளப்பவர் இன்னொருவர், மருத்துவம் பார்ப்பவர் வேறொருவர். இத்தனை பேரையும் கையில் வைத்திருக்கும் ஏஜெண்ட் கிடையாது. பத்துப் பேரிடம் பணம் வாங்குவார்கள். தன் முயற்சியில் தேறிய இரண்டு பேரின் பணத்தை வைத்துக்கொண்டு, மீதிப் பேருக்கு இழுத்தடிப்பார்கள். அதைவிட மோசம், "கேரண்டிக்கு" என்று அசல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வது. முகாம் நாளன்று அசல் கையில் இல்லாமல் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்குங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

இனி கமாண்டோ விஷயம். அமெரிக்காவில் 19, 20 என்ற எண் கொண்ட இரண்டு ஸ்பெஷல் ஃபோர்ஸ் குரூப்கள் நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படையைச் சேர்ந்தவை. பிரிட்டனில் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புப் படையின் 21, 23 ரெஜிமெண்ட்கள் ரிசர்வ் படை. வாரநாளில் வேறு வேலை பார்ப்பவர்கள் அவற்றில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் படைகளைப் பெரிதாக்குவது அங்கேயே தலைவலி. காரணம், நாள் கணக்கு. மாதம் ஒரு சனி ஞாயிறு, வருடத்துக்குத் தொடர்ந்து 15 நாள் என்று வைத்தால் மொத்தம் 39 நாள். சுடுவது, குதிப்பது, ரேடியோ, காயத்துக்குக் கட்டுப் போடுவது, வரைபடம் படிப்பது எல்லாமே கை விட்டால் மறந்துபோகும் வித்தைகள். 39 நாளில் மறந்ததை மீட்கலாம். அடியிலிருந்து கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே அமெரிக்காவில் ரிசர்வ் ஆளும் முழுநேர வீரருக்கு உள்ள அதே தேர்வையும் நீண்ட பயிற்சியையும் முழுநேரமாக இருந்து முடித்துவிட்டுத்தான் பகுதிநேரத்துக்கு வருகிறார். அதோடு, முழுநேர ஸ்பெஷல் ஃபோர்ஸில் வருடக்கணக்கில் இருந்து விலகுபவர்களையும் விடாமல் பிடித்துப் போடுகிறார்கள். வாளியைக் குழாயடியில் வைக்காமல் வேறெங்கே வைத்தாலும் நிறையாது.

இந்தியாவில் அப்படி ஒரு பகுதிநேர ஸ்பெஷல் ஃபோர்ஸ் இன்று இல்லை. டெரிடோரியல் ஆர்மியில், சுருக்கமாக டி.ஏ.வில், இரண்டு பாரா பட்டாலியன்கள் உண்டு: பெங்களூரில் 106, மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் 116. தோனிக்கு 2011-இல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தது இந்த 106-இல்தான். 2015-இல் ஆக்ராவில் 5 முறை குதித்து பாரா விங்ஸ் என்ற பாராசூட் பேட்ஜ் வாங்கினார். 2019-இல் காஷ்மீரில் இரண்டு வாரம் பணியில் இருந்தார். படம் பார்த்துவிட்டுப் பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். மரூன் தொப்பி போட்டவரெல்லாம் பாரா எஸ்.எஃப். என்ற பாரா ஸ்பெஷல் ஃபோர்ஸ் கமாண்டோ அல்ல. பலிதான் பேட்ஜ் பாரா எஸ்.எஃப். ஆட்களின் அடையாளம், அது மாதக்கணக்கில் நீளும் ப்ரொபேஷனைத் தாண்டிய முழுநேரப் படைவீரர்களின் வழி. டி.ஏ. பாரா என்பது குதிக்கத் தெரிந்த காலாட்படை. குறைவான வேலை இல்லை, ஆனால் வேறு வேலை.

"விரிவாக்கம்" பற்றி என் கணிப்பையும் சொல்லிவிடுகிறேன். அக்னிவீர் திட்டம் 2022 ஜூனில் வந்தது. நான்கு வருடம், பிறகு நான்கில் ஒருவருக்கு மட்டும் நிரந்தரம். முதல் அணி 2026 கடைசியிலிருந்து வெளியே வரத் தொடங்கும். அதில் பாரா பயிற்சி முடித்தவர்களும் இருப்பார்கள். ரிசர்வ் சிறப்புப் படை என்று ஒன்றை நாளை அமைத்தால் முதல் அழைப்பு அவர்களுக்குத்தான் போகும், கப்பலூருக்கு வராது. சிவிலியன்களுக்கு டி.ஏ. தனிக் கதவு திறப்பது வேறு வகைத் திறமைக்கு. 2023-இல் சீன மொழி தெரிந்த 5 பேரை எடுத்தார்கள். சைபர் பக்கமும் ஆள் தேடுகிறார்கள்.

ஆக உங்களுக்கு நேராக இருக்கும் கதவு சாதாரண டி.ஏ. காலாட்படை. 18 முதல் 42 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்பதால் வயது பிரச்சினை இல்லை. நமக்குப் பக்கத்தில் கோயம்புத்தூரில் 110 மெட்ராஸ் பட்டாலியன், திருச்சியில் 117 கார்ட்ஸ் பட்டாலியன். சிப்பாயாகப் போக முகாமில் நேரடியாகக் கலந்துகொள்ள வேண்டும். 2024 நவம்பரில் கோவையில் நடந்த முகாமுக்கு வெளிமாநில இளைஞர்களும் குவிந்தார்கள். இரவு தங்க இடம், குடிதண்ணீர் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. உள்ளே போனபின் பாராவுக்கு விருப்பம் தெரிவித்து, அதற்கான உடல்தகுதியைத் தாண்டி, ஆக்ராவில் இரவுக் குதிப்பு ஒன்று உட்பட 5 குதிப்பு முடித்தால் விங்ஸ்.

பட்டதாரி என்பதால் அதிகாரியாகவும் முயலலாம்: எழுத்துத் தேர்வு, முதல்நிலை நேர்காணல், எஸ்.எஸ்.பி. என்ற அதிகாரித் தேர்வு வாரியம், மருத்துவம். வேலையில் இருப்பவராக இருக்க வேண்டும் என்பதே அங்கே நிபந்தனை, உங்களுக்குச் சாதகம். ஆனால் 2023 அறிவிப்பில் நாடு முழுவதற்கும் 19 இடம்தான். இரண்டுக்கும் போடுங்கள், ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

வேலையை விடாமல் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "வருடத்துக்கு இரண்டு மாதம்" என்பது ஏட்டுக் கணக்கு. 2025 மே 6-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சக உத்தரவு ஒன்று, டி.ஏ.வின் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ முழுநேரப் பணிக்கு அழைக்க வழி செய்தது. அந்த உத்தரவு 2028 பிப்ரவரி 9 வரை செல்லும். இப்படி அழைப்பதை எம்பாடிமெண்ட் என்பார்கள். அழைத்தால் வருடக்கணக்கில் ஜம்முவிலோ வடகிழக்கிலோ இருக்க வேண்டியிருக்கும். அப்போது சம்பளம் முழுநேர ராணுவத்தைப் போலவே: சிப்பாய்க்கு அடிப்படை 21,700 ரூபாய், அதோடு ராணுவப் பணிச் சம்பளம் 5,200, பிறகு மற்ற படிகள். அழைப்பு முடிந்து வீட்டுக்கு அனுப்பினால் சம்பளமும் நின்றுவிடும். பென்ஷனுக்கு சிப்பாய் என்றால் 15 வருடம், அதிகாரி என்றால் 20 வருடம் இப்படி அழைக்கப்பட்ட பணி சேர வேண்டும். முதல் ஒப்பந்தமே 7 வருடம்தான். வீட்டுக் கடன் தவணை ஓவர்டைம் பணத்தில் ஓடுகிறது என்றால், வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கம்பெனி வேலையைப் பொறுத்தவரை 1948-ஆம் ஆண்டு டெரிடோரியல் ஆர்மி சட்டத்தின் 7ஏ பிரிவு உங்கள் பக்கம்: பணிக்கு அழைக்கப்பட்டுத் திரும்புபவரை முதலாளி மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும். சட்டம் இருக்கிறது என்று எச்.ஆரிடம் சட்டம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். சேர்ந்ததும் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பயிற்சி நாட்களுக்குச் சம்பளமில்லா விடுப்பா, பி.எஃப். எப்படி என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

இனி உடம்பு. ராணுவ முகாம்களின் வழக்கமான அளவு: 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், 5.45-க்குள் வந்தால் 48. புல்-அப் 10 எடுத்தால் 40. 9-க்கு 33, 8-க்கு 27, 7-க்கு 21, 6-க்கு 16. பிறகு 9 அடிப் பள்ளம் தாண்டுதல், வளைந்த கட்டைமேல் நடத்தல். இவற்றில் தேறினால் போதும். உங்கள் முகாம் அறிவிப்பில் வயதுக்கான அட்டவணை தனியாக இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓட்டத்தில் 15 வினாடி பிந்தினால் போவது 12 மதிப்பெண். புல்-அப்பில் நாலு குறைந்தால் போவது 24. நம் பையன்கள் தினமும் ஓடுவார்கள், கம்பியை வாரத்துக்கு ஒருநாள் தொடுவார்கள். தலைகீழ்.

ஓட்டத்தை மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தின் 400 மீட்டர் டிராக்கில் பழகுங்கள். தெப்பக்குளத்தைச் சுற்றினால் மூச்சு பழகும், நேரம் பழகாது. நாலு சுற்றுக்கு 330 வினாடி. பெரும்பாலோர் முதல் சுற்றை 70 வினாடியில் பறந்துவிட்டு மூன்றாவதில் நடப்பார்கள். 80, 84, 84, 82 என்று பிரித்து ஓடிப் பாருங்கள். கூட்டினால் சரியாக 330. முகாமில் மண் தரை, கூட்டத்தில் இடிபடுவது, உள்வளைவு கிடைக்காமல் சுற்றி ஓடுவது எல்லாம் சேரும். ஆகவே டிராக்கில் 5.20 வந்தால்தான் அங்கே 5.30. இப்போது 7 நிமிடம் ஆகிறதென்றால் 16 வாரம் ஒதுக்குங்கள். வாரத்தில் ஒருநாள் 400 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 80 வினாடி, இடையில் 2 நிமிடம் நடை. இன்னொரு நாள் 800 மீட்டர் மூன்று தடவை. ஞாயிறு நிதானமாக 7 கிலோமீட்டர். தார் ரோட்டிலேயே ஓடினால் முன்னங்கால் எலும்பு வலிக்கும். அதோடு தொடர்ந்தால் இரண்டு மாதம் போய்விடும்.

புல்-அப்பில் கையை முழுசாக நீட்டித் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வர வேண்டும். உடம்பை ஆட்டி எடுத்தால் எண்ண மாட்டார்கள். ஒன்றுகூட வரவில்லையா? ஸ்டூல் போட்டு மேலே ஏறி, 5 வினாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். ஐந்து இறக்கம் நாலு செட், ஒருநாள் விட்டு ஒருநாள். ஆறு வாரத்தில் மூன்று நாலு வரும்.

வெயிலைப் பற்றி இரண்டு வரி கூடுதலாகவே எழுதுகிறேன். 2013 ஜூலையில் பிரிட்டனின் ப்ரெக்கன் பீக்கன்ஸ் மலையில் எஸ்.ஏ.எஸ். ரிசர்வ் தேர்வு நடந்தது. முதுகில் மூட்டையோடு 26 கிலோமீட்டர் நடை. மூன்று ரிசர்வ் வீரர்கள் வெப்பத்தால் இறந்தார்கள். நம் சித்திரைக்கு அந்த ஊர் வெயில் ஒரு பொருட்டே இல்லை. பகுதிநேர ஆளின் பலவீனம் அதுதான்: உடம்பு வெப்பத்துக்குப் பழகியிருக்காது, பெயர் கெட்டுவிடும் என்று நிற்கவும் மனம் வராது. ஏ.சி. ஷெட்டில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு நாகமலை ஏறினால் இதே கதைதான். பங்குனி, சித்திரையில் காலை 6.30-க்குள் பயிற்சியை முடியுங்கள். மூட்டை நடை பழகினால் 6 கிலோவில் தொடங்கி வாரம் 1 கிலோ மட்டும் கூட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். தலைசுற்றல், பேச்சு குழறல், வியர்வை நின்று தோல் கொதிப்பது இதில் எது வந்தாலும் நிழல், தண்ணீர் ஊற்றல், 108. தனியாகப் போகவே போகாதீர்கள்.

காகிதத்தில் ஆள் கழிவது ஓட்டத்தில் கழிவதற்குக் குறைவில்லை. பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், பாடத்துக்கு 33 என்பது பொதுப்பணிச் சிப்பாய்க்கு அடிப்படை. நமக்கே உரிய தொல்லை இனிஷியல். மார்க் ஷீட்டில் "கே. முத்துப்பாண்டி", ஆதாரில் "முத்துப்பாண்டி கருப்பையா", பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் வந்து நிற்கும். மூன்று ஆள் என்றுதான் வடக்கே இருந்து வந்த எழுத்தர் நினைப்பார். மார்க் ஷீட்டை மாற்றுவது பெரும்பாடு. அதை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்ப இ-சேவையில் திருத்துங்கள். அப்பா அம்மா பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவர வேண்டும். இருப்பிடம், சாதிச் சான்று, ஆறு மாதத்துக்குள் வாங்கிய நன்னடத்தைச் சான்று, ஒரே பின்னணியில் எடுத்த 20 பாஸ்போர்ட் போட்டோ, எல்லாவற்றுக்கும் இரண்டு செட் நகல். அறிவிப்பை டி.ஏ.வின் சொந்த இணையதளத்திலும் எம்ப்ளாய்மெண்ட் நியூஸிலும் மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் போஸ்டரில் தேதியே தப்பாக இருக்கும்.

மருத்துவத்துக்கு முன்கூட்டியே பெரியாஸ்பத்திரியில் ஒரு நடை போய் வாருங்கள். உயரம் 160 சென்டிமீட்டர், மார்பு 77, மூச்சை இழுத்தால் 5 விரிய வேண்டும். நிறக்குருடு, தட்டைப்பாதம், முட்டி ஒட்டுதல், காலில் நரம்புச் சுருட்டு இவைதான் அதிகம் கழிப்பவை. காது அழுக்கை முன்பே எடுத்துவிடுங்கள். அதற்காகவே ஆளைத் தள்ளி வைப்பார்கள். சொத்தைப் பல்லை அடைத்துவிடுங்கள், பல்லுக்கு 14 புள்ளி வேண்டும். அலங்காநல்லூர் பக்கம் மாடு பிடித்த பழக்கம் இருந்து, தோள்பட்டை ஒருமுறைக்கு மேல் விலகியிருந்தால் அதை எலும்பு மருத்துவரிடம் மறைக்காமல் காட்டுங்கள். கம்பியில் தொங்கும்போது அது தானாகவே தெரிந்துவிடும்.