கலீஃபா அப்துல் மலிக்கின் தீனார்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டில் தலைமுறைகளாக ஒரு தங்கக் காசு இருக்கிறது. உமையா கலீஃபா அப்துல் மலிக் வெளியிட்ட ஹிஜ்ரி 77-ஆம் ஆண்டு தீனார் என்பார்கள். ஆனால் அதில் கலீஃபாவின் பெயரே இல்லை. போலியாக இருக்குமோ?
– வாசகர், கீழக்கரை

பதில்: பெயர் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஹிஜ்ரி 74 முதல் 77 வரை, வாளில் கை வைத்து நிற்கும் கலீஃபா உருவத்தோடு தீனார்கள் வந்தன. 77-இல், அதாவது கி.பி. 696–97-இல், உருவத்தை அடியோடு நீக்கிவிட்டு எழுத்து மட்டும் பொறித்தார் அப்துல் மலிக். ஊர்ப் பெயரும் கிடையாது. டமாஸ்கஸ் என்று பொறித்த தீனாரை அவர் காலத்தது என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அச்சிட்ட ஊரைச் சொல்வது வெள்ளி திர்ஹம்தான்.

உங்கள் காசின் ஒரு பக்க நடுவில் மூன்று வரியில் ‘லா இலாஹ இல்லல்லாஹ் வஹ்தஹு லா ஷரீக லஹு’ இருக்க வேண்டும். மறுபக்க நடுவில் ‘அல்லாஹு அஹத்’ எனத் தொடங்கும் வரிகள். அதைச் சுற்றி ஓடும் விளிம்பு எழுத்தில்தான் ஆண்டு இருக்கும், எண்ணாக அல்ல, சொல்லாக, ஒன்றாம் இடம் முதலில்: ‘ஏழும் எழுபதும்’.

பலரும் தவறுவது இங்கேதான். அக்காலக் கூஃபி என்னும் அரபு எழுத்து வடிவில் பெரும்பாலும் புள்ளி இல்லை. புள்ளி போனால் ஏழைக் குறிக்கும் ‘ஸப்உ’, ஒன்பதைக் குறிக்கும் ‘திஸ்உ’ இரண்டுமே நான்கு பல்லும் (மேல்நோக்கிய சிறு கோடுகளும்) ‘ஐன்’ என்ற ஓர் எழுத்தும்தான். எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் இதே கதி. ஆகவே 77, 79, 97, 99 நான்கும் ஒன்றுபோல் தெரியும். 97 என்றால் அது அவருடைய மகன் சுலைமானின் காசு! பூதக்கண்ணாடியில் பற்களின் உயரத்தைப் பாருங்கள். முதல் பல் உயர்ந்திருந்தால் ஒன்பது, நான்காவது உயர்ந்திருந்தால் ஏழு என்று பல காசுகளில் பிரித்துவிடலாம்.

அடுத்து எடை: 4.25 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். மில்லிகிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதும் மூழ்க விடுங்கள். தராசு 0.22 கிராம் அளவில் காட்டினால் உயர்தரத் தங்கம், 0.24 என்றால் ஏறக்குறைய 22 காரட், அப்படியானால் ஐயப்படலாம். காசில் குமிழி ஒட்டியிருந்தாலும் அளவு கூடிவிடும். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்திருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. புளி போட்டுத் தேய்ப்பதும் உரைகல்லில் உரசுவதும் வேண்டவே வேண்டாம். விளிம்பு எழுத்து போனால் ஆண்டும் போய்விடும்.

கேள்வி: ஸகாத் என்னும் கட்டாயத் தர்மம் கடமையாகும் குறைந்தபட்சச் செல்வ அளவான நிஸாபைச் சிலர் 85 கிராம் தங்கம் என்கிறார்கள், எங்கள் ஊரில் 11 பவுன் என்கிறார்கள். எது சரி?
– வாசகி, ஆம்பூர்

பதில்: இரண்டின் வேரும் ஒன்றே: 20 தீனார், 200 திர்ஹம். நபிகள் நாயகம் காலத்தில் புழங்கியவை ரோமானியத் தங்கமும் பாரசீக வெள்ளியும். எடை காசுக்குக் காசு மாறியது. அப்துல் மலிக்கின் நாணயங்களில் 10 திர்ஹத்தின் எடை 7 தீனாருக்குச் சமம் என்ற கணக்கு நிலைபெற்றது. மிஞ்சியிருக்கும் தீனார்களை நிறுத்து 4.25 கிராம் என்று கொண்டால் 20 தீனார் 85 கிராம். திர்ஹம் 2.975 கிராம், 200 திர்ஹம் 595 கிராம் வெள்ளி.

நம் நாட்டு ஹனஃபி சட்டப் பிரிவின் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) தோலாக் கணக்கில் ஏழரைத் தோலா தங்கம், ஐம்பத்திரண்டரைத் தோலா வெள்ளி என்கிறார்கள்: 87.48 கிராம், 612.36 கிராம். 8 கிராம் பவுனில் அந்தத் தங்கம் 10.935, அதுதான் 11 பவுன் ஆயிற்று. இதிலும் அதே ஏழுக்குப் பத்து மாறவில்லை, வகுத்துப் பாருங்கள். உங்கள் மத்ஹபின் (சட்டப் பிரிவின்) கணக்கைப் பின்பற்றுங்கள், ஆனால் 11 என்று முழுதாக்கிக்கொள்ளாதீர்கள். 10.95 பவுன் வைத்திருப்பவர் கடமையிலிருந்து தவறிப்போவார்.

கேள்வி: மக்காவை முற்றுகையிட வைத்த அப்துல் மலிக்கை ஏன் போற்ற வேண்டும்?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: அந்தக் குற்றத்தை மறைக்க முடியாது. 692-இல் அவருடைய தளபதி ஹஜ்ஜாஜ் கவண்பொறி வைத்து மக்காவைத் தாக்கினார். அங்கே கலீஃபாவாக இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் கொல்லப்பட்டார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘முஹம்மது ரசூலுல்லாஹ்’ என்று பொறித்து நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய காசு, ஹிஜ்ரி 66-இல் பாரசீகத்தில் இப்னு ஸுபைரின் ஆளுநர் வெளியிட்டது. அப்துல் மலிக் தம் எதிரியிடமிருந்தும் கற்றுக்கொண்டார்.

கேள்வி: ஜெருசலேமின் குப்பத்துஸ் ஸக்ராவை (பாறைக் குவிமாடத்தை) கட்டியவர் அவர் என்றால், உள்ளே மஃமூனின் பெயர் ஏன்?
– வாசகர், கொழும்பு

பதில்: உள்ளே எண்கோண வளைவுகளின் இரு பக்கமும் சுமார் 240 மீட்டர் நீளத்துக்கு மொசைக் எழுத்து ஓடுகிறது. அதில் கட்டியவர் பெயரும் ஆண்டும் உண்டு. அப்பாஸிய கலீஃபா மஃமூன் காலத்தில் பெயரை மட்டும் பெயர்த்து அவர் பெயரைப் பதித்தார்கள். எழுத்துகள் அங்கே நெருக்கியடித்து நிற்கின்றன. ஹிஜ்ரி 72 என்ற ஆண்டில் கை வைக்கவில்லை. மஃமூன் பிறந்தது ஹிஜ்ரி 170-இல்.